கையேட்டை எங்கே ஒளிக்கலாம்?

வாடா பேராண்டி, உக்காரு. டெபியனுக்குப் பேக்கேஜ் கட்டுறியாம்ல? டீபக் பேக்கேஜுக்கான கையேட்டை எங்க வைக்கிறதுன்னு கேட்டே. ஒளிச்சு வைக்கிற சங்கதியா, என்கிட்ட விடு. உங்க அப்பத்தாகிட்டச் சுருட்டை ஒளிச்சே காலம் தள்ளினவன் நான்.

முதல் யோசனை, டீபக் பேக்கேஜுக்குள்ளயே வச்சிரு. புரோகிராம் ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’னு ஒத்த வரியத் துப்பிட்டுக் கவுந்து கிடக்கும். எந்தப் பேக்கேஜைப் போடணும்னு தெரியாம ஒருத்தன் முழிப்பான். அதைச் சொல்ற தாளு, அவன் இன்னும் போடாத பேக்கேஜுக்குள்ள இருக்கும். பெட்டியைப் பூட்டிச் சாவியை உள்ள போட்ட கதைதான். அதுலயும் 2015 கடைசியிலேர்ந்து ‘டிபிஜிசிம்’னு முடியுற இந்த டீபக் பேக்கேஜெல்லாம் தானா உருவாகித் தனிக் கிடங்குக்குப் போயிருது. சோர்ஸஸ் லிஸ்ட்டுல ‘டெபியன்-டீபக்’ வரியைச் சேக்கலேன்னா ஆப்டுக்குக் கண்ணே தெரியாது.

பத்தலையா? /யூஎஸ்ஆர்/லிப்/டீபக் பக்கம் போ. அங்க ‘.பில்ட்-ஐடி’ன்னு ஒரு அடைவு. பேருக்கு முன்னால புள்ளி இருக்கிறதால, வெறும் எல்எஸ் அடிச்சா கண்ணுல படாது. உள்ள போனா, புரோகிராமோட 40 எழுத்து பில்ட்-ஐடி அடையாளத்துல முதல் 2 அடைவுக்கு, மிச்சம் 38 கோப்புக்கு. அங்க ரீட்மீயைச் சொருகினா ஜிடிபிங்கிற டீபக்கர் சட்டை பண்ணாது, மனுசனோ அந்தப் பக்கமே போக மாட்டான். ரொம்பப் பத்திரம்!

கையேட்டை ஒளிக்கிறதுல நம்மளவிடக் கெட்டிக்காரங்களும் இருக்காங்கடா. ஜிடிபி கையேட்டுல ‘ஃப்ரீ சாஃப்ட்வேருக்கு ஃப்ரீ கையேடு வேணும்’னு ஒரு பகுதி. அதுல ஒரு எழுத்தையும் மாத்தக்கூடாதுன்னு உரிமத்துல நிபந்தனை. 2006ல டெபியன்காரங்க ஓட்டுப் போட்டு, மாத்தக்கூடாத பகுதி இருந்தா அந்தக் கையேடு ஃப்ரீ இல்லன்னுட்டாங்க. ஜிடிபி டெபியனோட ‘மெயின்’ பிரிவுல நிக்குது, அதோட கையேடு ‘நான்-ஃப்ரீ’ பிரிவுக்குப் போயிருச்சு. சுதந்திரம் பேசின பக்கமே கையேட்டை வெளிய தள்ளிருச்சுன்னா, நான் புதுசா என்னத்த நக்கல் பண்ண?

சிரிச்சது போதும். நெசமாவே ஒருத்தனுக்கு உதவணும்னா, புரோகிராம் கவுறதுக்கு முன்னாடியே அவன் மெஷின்ல இருக்கிற இடத்துல எழுதி வை. அது /யூஎஸ்ஆர்/ஷேர்/டாக் கீழ, தாய்ப் பேக்கேஜ் பேர்ல இருக்கிற அடைவு. அங்க ரீட்மீ.டெபியன்ல நாலே வரி போதும்: எந்தக் கிடங்கைச் சேக்கணும், எந்த டிபிஜிசிம்மைப் போடணும், ஜிடிபில ‘பிடி ஃபுல்’ தட்டி வர்ற பேக்ட்ரேஸை எப்படி அனுப்பணும். டிபிஜிசிம்முக்குன்னு தனித் தாளு வேண்டாம். அதோட டாக் அடைவே தாய் அடைவைக் காட்டுற சிம்லிங்க்தான். ரெண்டும் ஒரே சோர்ஸ்ல பொறந்து, தாயை நம்பித்தான் பிள்ளை நிக்குதுங்கிறப்போ அது செல்லும்னு பாலிசியே சொல்லுது.

‘இப்பத்தான் டீபக்இன்ஃபோடி வந்திருச்சே தாத்தா, ஜிடிபி தானா இழுத்துக்குமே’ம்ப. சரிடா, எந்த சர்வர்லேர்ந்து இழுக்கணும், அந்த முகவரியை எந்த மாறியில எழுதணும்னு அவனுக்கு யார் சொல்றது, உங்க அப்பத்தாவா?

அதையும் எழுதச் சோம்பலா இருந்தா விட்டுரு, அதுலயும் ஒரு லாபம் உண்டு. பேக்ட்ரேஸ் எடுக்கத் தெரியாம ஒரு பயலும் பக் ரிப்போர்ட் போட மாட்டான். ‘என் பேக்கேஜ்ல பக்கே கிடையாது’ன்னு நீ மீசையை முறுக்கிக்கிட்டுத் திரியலாம்.