எந்தக் கேமரா வாங்குவது?

கேள்வி: நண்பன் இரண்டு லட்ச ரூபாய்க்குக் கேமரா வாங்கிவிட்டான். என்னிடம் போன்தான் இருக்கிறது. அவனோடு போட்டி போட முடியுமா? (கல்லூரி மாணவர், திருச்சி)

பதில்: அவர் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார்? உச்சி வெயிலில் ஆளை நிறுத்தி எடுத்தால், கண்குழியில் விழும் கறுப்பு நிழலை அந்த இரண்டு லட்சம் மிகத் துல்லியமாகக் காட்டும். நீங்கள் காலை ஏழு மணிக்கு உங்கள் பாட்டியை ஜன்னலோரம் உட்காரவைத்து எடுங்கள். முகத்துக்கு மிக அருகில் போகாதீர்கள், மூக்கு பெருத்துவிடும். நாலடி தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் வையுங்கள்.

கேள்வி: அப்படியானால் கருவிக்கு மதிப்பே இல்லையா? (பறவை ஆர்வலர், வேதாரண்யம்)

பதில்: உங்கள் ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? கோடியக்கரையில் தூரத்தில் நிற்கும் பூநாரை, போனில் வெறும் வெள்ளைப் புள்ளி. அதற்கு 400 மி.மீ. லென்ஸாவது வேண்டும், பறக்கும் சிறகு கலங்காமல் பதிய 1/1000 நொடி ஷட்டர் வேண்டும். எவ்வளவு திறமை இருந்தாலும் இதை ஈடுகட்ட முடியாது.

ஆனால் மா. கிருஷ்ணனை (1912–1996) நினைத்துப்பாருங்கள். எழுத்தாளர் மாதவையாவின் மகன், காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் அவரைப் போல எடுத்தவர்கள் அபூர்வம். வெவ்வேறு பாகங்களை ஒன்றாகப் பொருத்தித் தனக்கென ஒரு கனத்த கேமராவை அமைத்துக்கொண்டு, அதற்கு ‘சூப்பர் பாண்டெரோசா’ என்று பெயரும் வைத்தார். எந்தப் படம் வேண்டும் என்பது அவருக்கு முதலில் தெரிந்திருந்தது; கருவி அதற்குப் பின்னால் வந்தது. ஆண்டுக்கணக்கில் காட்டில் யானைகளைக் கவனித்த கண் அது. அந்தக் கண்ணை எந்தக் கடையிலும் விற்பதில்லை.

கேள்வி: 200 மெகாபிக்சல் போன் வாங்கலாமா? (வாசகி, கோவில்பட்டி)

பதில்: ஏ4 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட ஏறத்தாழ 9 மெகாபிக்சல் போதும். மீதி 191-ஐ எங்கே மாட்டப்போகிறீர்கள்?

கேள்வி: கல்யாணப் படம் எடுக்கிறேன். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. எதில் போடலாம்? (போட்டோகிராபர், திண்டுக்கல்)

பதில்: முதலில் வெளிச்சத்தில். ஃப்ளாஷை மணமக்கள் முகத்தில் நேராக அடிக்காமல், வெள்ளைக் கூரைக்கோ சுவருக்கோ திருப்பிப் பழகுங்கள். சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’ (1956) படத்துக்காக, காசி வீட்டு முற்றத்தை ஸ்டூடியோவுக்குள் செட் போட்டார்கள். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, கீழிருந்து விளக்குகளை அதன்மேல் அடித்தார். திரும்பி இறங்கிய ஒளி, திறந்த வானத்து வெளிச்சமாகவே தெரிந்தது. வெறும் துணிதான்! எனக்கு இன்றும் அந்த முற்றத்தைப் பார்த்தால் சிலிர்க்கும்.

அடுத்தது நல்ல லென்ஸ். பிறகு, பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, இரண்டாவதாக ஒரு கேமரா கட்டாயம் வாங்கிவிடுங்கள். இங்கே நான் முழுக்கக் கருவியின் கட்சி. கெட்டிமேளம் கொட்டும்போது கையிலிருக்கும் கேமரா மக்கர் பண்ணினால், மாப்பிள்ளையிடம் போய்த் தாலியை இன்னொரு தடவை கட்டச் சொல்ல முடியாது.