இல்லாத தண்டவாளத்தில் நடந்ததற்கு இரண்டாவது மன்னிப்புக் கடிதம்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
முதலாவது நடைமேடை (இரண்டாவது கிடையாது; முதலாவதிலும் பாதிதான் மிச்சம்).

பெறுநர்:
உயர்திரு மேலதிகாரி அவர்கள்,
தண்டவாளம் இல்லாத தண்டவாளங்கள் பிரிவு.

பொருள்: மயிலாடுதுறை – தரங்கம்பாடி பயணிகள் வண்டியின் தாமதம் – தொடர்பாக.

பார்வை: சென்ற செவ்வாய்க்கிழமை டீக்கடை வாசலில் நின்றபடி எழுதிக் கொடுத்த எனது மன்னிப்புக் கடிதம்.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பார்வையில் கண்ட கடிதம் இதற்குள் தங்கள் மேசைக்கு வந்திருக்கும். எழுத்து கோணலாக இருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம். தங்கள் ஆளின் மோட்டார் சைக்கிள் சீட்டைப் பலகையாக்கி எழுதியது. இன்ஜினைக்கூட அவர் அணைக்கவில்லை. 'மன்னிப்புக் கடிதம் எழுதிக்கொண்டு வா' என்று முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளை வீட்டுக்குத் துரத்தியவன் நான். அறுபத்தேழாவது வயதில் அந்தப் பாவம் முகவரி விசாரித்து வந்து, பதினாலு பேர் டீ குடித்துக்கொண்டே வேடிக்கை பார்க்க, வட்டியும் முதலுமாக வசூலித்துக்கொண்டு போயிருக்கிறது.

நடந்தது இவ்வளவுதான். ஒரு பழைய மதகின் செங்கல் வளைவைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் விசில். திரும்பினால் சீருடை. எந்தப் பிரிவு என்று சட்டையில் எழுதியிருந்தது வெயிலில் வெளுத்துப் போயிருந்தது. வயது முப்பதுக்குள்தான் இருக்கும்.

"பெரியவரே, தண்டவாளத்துல என்ன பண்றீங்க?"

காலடியைப் பார்த்தேன். எருக்கஞ்செடி. பக்கத்தில் ஒரு ஆடு. அதுவும் என்னைப் போலவே திகைத்து நின்றது.

"தண்டவாளம் எங்க தம்பி?"

"இருந்துச்சுல்ல?"

ஐயா, முப்பத்திரண்டு வருடம் மூன்று காலமும் நடத்தியிருக்கிறேன். இறந்தகாலத்தில் குற்றம் சாட்டி நிகழ்காலத்தில் கையெழுத்து வாங்கி எதிர்காலத்துக்கு எச்சரித்து அனுப்பலாம் என்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. 'தண்டவாளத்தில் அத்துமீறி நடந்தேன், இனி நடக்க மாட்டேன்' என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அத்து என்றால் எல்லை. எல்லைக்கல் எங்கே என்று நான் கேட்கவில்லை. இருந்துச்சுல்ல என்று சொல்லியிருப்பார்.

பிறகு வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். தவறு முழுக்க என்மேல்தான். பாதை இல்லை என்று முடிவுகட்ட நான் யார்? 1926-இல் ஓடத் தொடங்கிய வண்டி 1986-இல் நின்றுவிட்டதாக ஊரில் பேசிக்கொள்கிறார்கள். ஊர் ஆயிரம் பேசும். ரத்து என்று நடைமேடையில் அறிவித்ததை என் காதால் நான் கேட்கவில்லை. ஆகவே அது தாமதம். பயணிகளின் கனிவான கவனத்துக்கு: மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி வரை செல்லும் பயணிகள் வண்டி, சுமார் நாற்பது வருடம் தாமதமாக வந்துகொண்டிருக்கிறது. அவுட்டரில் நிற்கிறது. கைகாட்டி இறங்கியதும் வந்துவிடும். கைகாட்டியைத்தான் காணோம்.

எங்கள் பக்கத்தில் யாரும் 'போகிறேன்' என்று சொல்லிவிட்டுப் போவதில்லை என்பது தங்களுக்குத் தெரியும். சாவு வீட்டில்தான் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவோம். மற்றபடி எல்லோருக்கும் 'போய்ட்டு வர்றேன்'தான். 1986-இல் எனக்கு இருபத்தேழு வயது. கடைசியாகப் போன வண்டி கூவிக்கொண்டு போனது எனக்கு நினைவிருக்கிறது. போய்ட்டு வர்றேன் என்றுதான் காதில் விழுந்தது. அதை நம்பித்தான் என் மாதாந்திர சீசன் டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதில் இன்னும் பதினோரு நாள் பாக்கி இருக்கிறது.

காத்திருக்கும் நேரத்தில் சும்மா இருப்பானேன் என்றுதான் வண்டி எங்கே வருகிறது என்று பார்க்க நடந்தேன். மயிலாடுதுறை என்கிற மாயவரத்தில் ஏறினால் மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார் என்று நின்று நின்று போய், இனி கடல்தான் என்னும் இடத்தில் நிற்கிற வண்டி. சுமார் முப்பது கிலோமீட்டர். மாயவரத்தில் தொடங்கியது மாயமானதில் வியப்பில்லை என்று என் மாணவன் ஒருவன் சொன்னான். அவனுக்கு அந்தக் காலத்தில் நான் மதிப்பெண் குறைத்துப் போட்டுவிட்டேன்.

பாதையைக் கண்டுபிடிப்பது சிரமமே இல்லை, ஐயா. டெல்டாவில் மேடு என்பதே அதிசயம். ஆற்றங்கரை என்றால் ஆற்றோடு வளைந்து போகும். வரப்பு என்றால் பங்காளிச் சண்டைக்குத் தக்கபடி கோணும். வயலுக்கு நடுவே எவன் நிலம் என்றும் பாராமல் ஸ்கேல் வைத்துக் கிழித்ததுபோல ஒரு மேடு போனால் அது ரயில் மேடு. வாய்க்காலை நெருங்க நெருங்க அது மெதுவாக உயரும். அங்கே பாலம் இருந்திருக்கும். இப்போது இரண்டு கரையிலும் செங்கல் தூண் மட்டும், கை நீட்டிப் பிடிக்க ஆளில்லாமல், எதிரெதிரே நிற்கும். சீமைக் கருவேலம் அடர்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம், அது தங்கள் நிலம்தான். மற்றவர்கள் நிலத்தில் யாராவது வெட்டியிருப்பார்கள்.

மற்ற சொத்து விவரத்தையும் கணக்குக்காகச் சொல்லிவிடுகிறேன். சரளைக்கல் பாதி மாட்டுக்கொட்டகைத் தரையில் இருக்கிறது. ஸ்லீப்பர் கட்டை யார் வீட்டு உத்தரம் என்று தாங்கள் கேட்க வேண்டாம், நானும் சொல்லப் போவதில்லை. தண்டவாளத்தில் ஒரே ஒரு துண்டு மட்டும் எனக்குத் தெரிந்து பணியில் இருக்கிறது: நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தின் மணி. வேப்பமரத்தில் கம்பியால் கட்டித் தொங்கவிட்டு, இரும்புக் கம்பியால் அடிப்போம். கால் மைலுக்குக் கேட்கும். அது அடித்தால் பிள்ளைகள் ஓடி வருவார்கள். மொத்தப் பாதையிலும் இன்றுவரை நேரந்தவறாமல் இயங்குவது அந்த இரண்டடித் துண்டு ஒன்றுதான். தயவுசெய்து பறிமுதல் செய்துவிட வேண்டாம்.

இப்போது தங்கள் துறையின் பெருந்தன்மையைச் சற்றுப் பாராட்ட அனுமதிக்க வேண்டும். 1926-இல் பிறந்த பாதைக்கு 1986-இல் எத்தனை வயது? அறுபது. அது ஓடியது எந்த ஊர் வழியாக? திருக்கடையூர் வழியாக. மார்க்கண்டேயனைப் பிடிக்க வந்த எமனைச் சிவன் காலால் உதைத்த தலம். ஊர் உலகத்திலிருந்தெல்லாம் தம்பதிகள் வந்து, பேரன் பேத்திகள் சூழ, ஆயுள் நீள வேண்டுமென்று அறுபதாம் கல்யாணம் செய்துகொள்ளும் சந்நிதி. ஒரு மீட்டர் இடைவெளி விட்டு, அறுபது வருடம் ஒரு நாளும் முட்டிக்கொள்ளாமல் சேர்ந்தே போன தம்பதி என்றால் எங்கள் மீட்டர் கேஜ் தண்டவாளங்கள்தான். அவர்களுக்கு அந்த ஊரிலேயே, அந்த வருடத்திலேயே சஷ்டியப்த பூர்த்தி நடத்தி வைத்தீர்கள். நாயனம் கிடையாது, மாலை கிடையாது. குளிரூட்டிய மண்டபமும் கிடையாது. கேஸ் கட்டர் மட்டும். எமனை உதைத்த ஊரில் தங்கள் கோப்பை உதைக்கத்தான் யாரும் இல்லாமல் போய்விட்டார்கள்.

தில்லையாடியிலும் தங்கள் சேவையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். வள்ளியம்மையின் பூர்வீக ஊர் என்பதால் காந்தி 1915-இல் அங்கே வந்தார். அப்போது இந்தப் பாதை கிடையாது. இன்றைக்கு வந்தாலும் கிடையாது. காந்தி பார்த்த தில்லையாடியை அப்படியே மீட்டுக் கொடுத்த பெருமை தங்களையே சாரும்.

தரங்கம்பாடிக்காரர்கள்தான் பழைய ஞாபகத்தில் கொஞ்சம் குழம்பிப் போயிருக்கிறார்கள். அங்கே 1620-இல் டேனிஷ்காரர்கள் வந்து கோட்டை கட்டினார்கள். அலை அடித்துக்கொண்டிருக்கிறது, கோட்டை நிற்கிறது. 1845-இல் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றபோது, விலை பேசி, பத்திரம் எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். எங்கிருந்தோ கப்பலில் வந்த அந்நியனே சொல்லிக்கொண்டு போனானே, சொந்தத் துறை சொல்லாமலா போயிருக்கும், வந்துவிடும் என்கிறார்கள். நானும் ஆமாம் என்றேன். அவுட்டரில் நிற்கிறது என்றேன்.

தனுஷ்கோடிப் பாதையை 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு புயல் கொண்டுபோனது. வண்டியோடு, பயணிகளோடு கொண்டுபோனது. அது காலன் வேலை, அழுதோம், புரிந்துகொண்டோம். எங்கள் பாதையை எந்தப் புயலும் கொண்டுபோகவில்லை. ஒரு கோப்பு வந்தது. 'நஷ்டம்' என்றார்கள்.

ஐயா, நஷ்டம் யாருக்கு? பொறையாரிலிருந்து மாயவரம் ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறவள் நாற்பது வருடமாகக் கொடுக்கிற பஸ் காசை எந்தக் கணக்கில் எழுதினீர்கள்? கல்லூரிக்குப் போகிற பெண்ணைப் படிக்கட்டில் தொங்கவிட்டதை எந்தக் கணக்கில்? மேட்டை வெட்டி டிராக்டர் டிராக்டராக மண் அள்ளினார்களே, அப்போது இந்த விசில் எங்கே இருந்தது? வண்டி விட மாட்டீர்கள். நிலத்தை ஊருக்கு விட மாட்டீர்கள். மாடு மேய்க்கிறவனும் மதகு பார்க்கிறவனும்தான் உங்கள் கண்ணில் படுவான். ஓட்டுவதற்கு ஆள் இல்லை, விரட்டுவதற்கு மட்டும் பெட்ரோல் போட்டு ஆள் அனுப்புவீர்கள். ஒரு கிழவனை நடுத்தெருவில் நிறுத்தி எழுதி வாங்கினால் போன பாதை திரும்பி வந்துவிடுமா?

மன்னிக்க வேண்டும். வெயில் அதிகம். தண்ணீர் குடித்துவிட்டு வந்து தொடர்கிறேன்.

தங்கள் துறையின் மேல் எனக்கு இருக்கும் நம்பிக்கைக்கு ஆதாரம் உண்டு. மன்னார்குடி வண்டி வரவே வராது என்றார்கள், 2011-இல் வந்தது. 2010 கடைசியில் நின்ற போடி வண்டி 2023-இல் போடி போய்ச் சேர்ந்தது. அதே வருடம் அகஸ்தியம்பள்ளிக்கும் வண்டி வந்தது. எங்களுக்கு அடுத்த வருடம், 1987-இல், நின்றுபோன பேரளம் – காரைக்கால் தடத்தில் இப்போது புதுத் தண்டவாளமே போட்டாயிற்று. ஆக, இவை எதுவும் செத்த வண்டிகள் அல்ல, தாமதமாக வந்த வண்டிகள். வரிசைப்படி பார்த்தால் அடுத்தது நாங்கள்தான். ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒருவர் மைக் பிடித்து, வண்டி கிளம்பிவிட்டது என்று அறிவித்துவிட்டும் போகிறார். நிலையத்தில் நாங்கள் கொசு அடிக்கிற சத்தம் மட்டும்தான் கைதட்டல்போலக் கேட்கும்.

ஆகவே தங்கள் மேலான சமூகத்துக்கு மூன்று விண்ணப்பங்கள்.

ஒன்று: என் சீசன் டிக்கெட்டில் மிச்சமுள்ள பதினோரு நாளை நீட்டித்துத் தர வேண்டும். முடியாதென்றால் பணத்தைத் திருப்பித் தரலாம், வட்டி வேண்டாம்.

இரண்டு: நடைமேடைச் சீட்டு இரண்டு மணி நேரம்தான் செல்லும் என்கிறார்கள். நாற்பது வருடமாக நடைமேடையில் நிற்கிற ஊர்களுக்கு எத்தனை சீட்டு எடுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொன்னால், ஊர்ப் பொதுவில் வசூல் செய்து கட்டிவிடுகிறோம். அபராதம் வேறு வந்து சேர வேண்டாம்.

மூன்று: இந்த 2026-இல் எங்கள் பாதைக்கு நூறு வயது. நூறுக்கும் திருக்கடையூரில் வைபவம் உண்டு, பூர்ணாபிஷேகம் என்பார்கள். தாங்கள் குடும்பத்தோடு வந்து நடத்திவைக்க வேண்டும். வண்டி வருமானால் மாலையை இன்ஜினுக்குப் போடுவோம். வராது என்றால் அதையாவது ஒருமுறை, ஒரே ஒருமுறை, ஒலிபெருக்கியில் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். முழுக்குப் போட்டுவிட்டு ஊர் வேலையைப் பார்க்கும். சொல்லாமல் வைத்திருக்கிற சாவுதான், ஐயா, வீட்டை விட்டு இறங்குவதேயில்லை.

மற்றபடி தங்கள் ஆளின்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. போகும்போது டீக்கு அவரே காசு கொடுத்தார். அவருடைய தாத்தா இந்த வழியில் கேட் கீப்பராக இருந்தாராம். "இப்ப எந்த கேட்டு தம்பி?" என்றேன். சிரித்தார். இந்த முறை அவர் "இருந்துச்சுல்ல" என்று சொல்லவில்லை.

என் வாக்கையும் நான் மீற மாட்டேன். இனி தண்டவாளத்தில் நடக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தது கொடுத்ததுதான். ஆனால் வாத்தியார் புத்தி, கையெழுத்துப் போடுமுன் ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பார்த்தேன். நடக்க மாட்டேன் என்று மட்டும்தான் அதில் இருக்கிறது. உட்கார மாட்டேன் என்று இல்லை. நாளைக் காலையிலிருந்து உடைந்த நடைமேடையில், குடையும் கூஜாவுமாக, மாயவரம் திசை பார்த்து உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பதினோரு நாள் பாக்கியுள்ள பயணி.