தொட்டிக் கிழங்கும் சும்மா இருத்தலும்: தென்சென்னை பால்கனிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள், எல்லை, கருதுகோள்

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில், புதிதாகத் தோட்டம் போடக் கிளம்பியவர்கள் பால்கனியிலும் மொட்டைமாடியிலும் தொட்டியில் ஊன்றுகிற பூக்கிழங்குகளே இவ்வாய்வின் பொருள். வடக்கே ஜெமினி மேம்பாலமும் தெற்கே திருவான்மியூரும் எல்லைகள். வேளச்சேரி, வெள்ளத்தை முன்னிட்டு விலக்கப்பட்டது.

கருதுகோள் வருமாறு: இப்பகுதியில் கிழங்குகள் கவனிப்பாரற்றுச் சாவதில்லை, கவனிப்பு தாங்காமல் சாகின்றன.

2. முன்னாய்வுகள்

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களில் முதலில் நிற்பது செங்காந்தள். கிழங்கிலிருந்து எழும் கொடி. இன்று தமிழ்நாட்டின் மாநில மலர். தலைவியும் தோழியும் பூக்களைப் பறித்துப் பாறையில் குவித்தார்கள் என்று பாட்டு சொல்கிறதே ஒழிய, எந்தக் கிழங்குக்கும் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினார்கள் என்று சொல்லவில்லை. உரையாசிரியர்கள் கவனியாமல் விட்ட இந்த மௌனம் நம் கருதுகோளுக்குக் கிடைத்த முதல் சான்று.

அடுத்து, அயல்நாட்டார் பங்களிப்பு. 1610-லேயே பழவேற்காட்டில் வந்து இறங்கியவர்கள் டச்சுக்காரர்கள். அவர்கள் இங்கே துணி வாங்கிக்கொண்டிருந்த காலத்தில்தான் தாய்நாட்டில் அவர்களுடைய உறவினர்கள் டூலிப் கிழங்கின் மேல் பித்துப் பிடித்து அலைந்தார்கள். அரிய கிழங்கு ஒன்றுக்கு ஆம்ஸ்டர்டாமில் நல்ல வீடு ஒன்றின் விலை பேசப்பட்டது. 1637 பிப்ரவரியில் சந்தை கவிழ்ந்தது. இரண்டே ஆண்டில், 1639-ல், கொஞ்சம் தெற்கே ஆங்கிலேயருக்கு மதராசப்பட்டினத்தில் இடம் கிடைத்தது. அன்று கிழங்கை விட்டுவிட்டு அடையாற்றில் மனை வாங்கிப் போட்டிருந்தால் அந்தக் குடும்பங்கள் இன்று எங்கேயோ போயிருக்கும். அது பொருளியல் துறையின் கவலை.

டூலிப் இங்கே வேரூன்றாததற்குக் காரணம் தட்பவெப்பம். அதன் தண்டு நீண்டு பூ எழ, ஏறக்குறைய 9 டிகிரிக்குக் கீழே, 12 முதல் 16 வாரம் வரை குளிர் வேண்டும். சென்னையின் ஜனவரி இரவு 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. மப்ளர் சுற்றிக்கொண்டு மார்கழிக் கச்சேரிக்குப் போகிற மயிலாப்பூர்க்காரருக்குக் குளிர்கிற அளவு கிழங்குக்குக் குளிர்வதில்லை.

எனவே ஒருசாரார் கிழங்கை ஃபிரிட்ஜில் வைக்கிறார்கள். இதில் இரண்டு இடர்கள். பழுக்கும் பழம் எத்திலீன் என்ற வாயுவை விடும். பங்கனபள்ளிக்குப் பக்கத்தில் படுத்த கிழங்கின் உள்ளே பூமொட்டு கருகிவிடும். இரண்டாவது இடர் இன்னும் பெரியது. காய்கறித் தட்டில் கிடக்கும் பூக்கிழங்கைச் சாம்பார் வெங்காயத்திலிருந்து பிரித்தறியும் கடமை, காலை ஏழு மணிக்கு, கண்ணாடி போடாத ஒருவரிடம் போய்ச் சேர்கிறது. இது சிரிக்கிற விஷயம் இல்லை. ரெயின் லில்லிக் கிழங்கு விஷம்; செங்காந்தள் கிழங்கிலுள்ள கோல்ச்சிசின் ஆளையே கொல்லும். கிழங்குக்குச் சமையலறையில் இடமே கொடுக்கக் கூடாது.

3. கிழங்குகளின் வகைப்பாடு

1835-ல் தொடங்கிய தோட்டக்கலைச் சங்கம் நெடுங்காலம் கதீட்ரல் சாலையில் இருந்தது. அதே சாலையில் டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் இருந்த இடத்தில் 2010-ல் செம்மொழிப் பூங்கா திறந்தது. டிபன் சாப்பிட்ட இடத்தில் செடி பார்க்கும் இந்தத் தலைமுறைக்கு ஏற்ற கிழங்குகள் நான்கு.

சம்பங்கி: மெக்சிகோவிலிருந்து வந்து மாட வீதி மாலையில் ஐக்கியமான பூ. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘பிரஜ்வல்’ ரகம் பேர் போனது. நல்ல வெயில் வேண்டும். எதிர்மனையில் ஐந்து மாடி எழும்பும் தி.நகரில் இதற்கு உத்தரவாதம் இல்லை. ஒரு கிழங்கு ஒருமுறைதான் பூக்கும். அதன் பிறகு பக்கக் கிழங்குகள் குடும்பத்தைப் பார்த்துக்கொள்ளும்.

ரெயின் லில்லி: காய்ந்து கிடந்து, நல்ல மழை பெய்த சில நாளில் பூக்கும்.

ஃபுட்பால் லில்லி: ஆப்பிரிக்கப் பூர்வீகம். மே மாத வாக்கில், மற்ற செடிகள் எல்லாம் வாடும் நேரத்தில், சிவப்புப் பந்தாக எழும்.

செங்காந்தள்: கலப்பை போல வளைந்த கிழங்கு. ஒவ்வொரு கை நுனியிலும் ஒரே ஒரு முளை. அதைப் பற்றிப் பின்னர்.

4. கொள்கலனியல்

தென்சென்னைத் தொட்டிகள் மூவகை. வாங்கியவை: மண் தொட்டி, சிமென்ட் தொட்டி, க்ரோ பேக். வாய்த்தவை: பெயின்ட் வாளி, தெர்மாகோல் பெட்டி, அடி விட்ட பக்கெட். தூக்கிப் போட மனம் வராதவை: கைப்பிடி போன குக்கர் முதலியன. ஓட்டையானதால் தொட்டி ஆன பக்கெட்டைத் தவிர, மற்ற வாளிகளுக்கெல்லாம் கம்பியைக் காய்ச்சி அடியில் ஓட்டை போட்டே தீர வேண்டும். தண்ணீர் தேங்கினால் கிழங்கு இரண்டே வாரத்தில் கூழாகி நாறும்.

ஓட்டை போட்டால் கீழ் வீட்டு வடாத்தின் மேல் சொட்டும். சொட்டாமலிருக்க அடியில் தட்டு வைத்தால், அதில் கொசுப்புழு இருக்கிறதா என்று மாநகராட்சி ஊழியர் வந்து டார்ச் அடித்துப் பார்ப்பார். தட்டில் மணலை நிரப்பிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது.

5. நடும் முறை

செம்மண், மணல், மட்கிய உரம் மூன்றையும் சம அளவில் கலந்து, ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு சேர்க்க வேண்டும். முட்டை ஓட்டுத் தூளும் நல்லது. அது சில வீடுகளுக்குள் எப்படி வந்தது என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஆர்.ஓ. கழிவுநீர் வேண்டாம், அதன் உப்பு தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூக்குமே தவிர, வேறெதுவும் பூக்காது.

கூர்முனை மேலே, தட்டையான பக்கம் கீழே. எது எந்தப் பக்கம் என்ற சர்ச்சை கூட்டுக்குடும்பங்களில் நெடுநேரம் நீடிக்கும். அதற்கு அவசியமே இல்லை: தலைகீழாக நட்டாலும் முளை வளைந்து மேலே வந்துவிடும். கிழங்குக்கு இருக்கிற இந்தத் தெளிவு நட்டவருக்கு இருப்பதில்லை. செங்காந்தளை மட்டும் படுக்கைவசத்தில் வைக்க வேண்டும். ஒருமுறை தண்ணீர் விட்டபின் முளை தெரியும்வரை மண் ஈரப்பதமாக இருந்தால் போதும்.

6. கள ஆய்வு

சிக்கல் இங்கேதான். குளிர்நாட்டில் பனி வந்து கிழங்கைத் தூங்கவைக்கிறது. அதை யாரும் தட்டி எழுப்புவதில்லை. நம் ஊரில் பனி செய்யும் வேலையை வறட்சி செய்கிறது. இலை மஞ்சளாகி உதிர்ந்து, தொட்டி வெறும் மண்ணாக நிற்பது கிழங்குக்கு ஓய்வு. ஆனால் சும்மா இருக்கிற பொருளைப் பார்த்துக்கொண்டிருக்கத் தென்சென்னைக்குப் பொறுப்பதில்லை. கவனித்த தலையீடுகள் இவை: தாத்தா காலையில் ஊற்றுகிறார். அவர் ஊற்றியது தெரியாமல் வேலை செய்கிற அம்மா பத்து மணிக்கு ஊற்றுகிறார். பாட்டி அரிசி களைந்த தண்ணீரை ஊற்றுகிறார். வெறுந்தொட்டி என்று நினைத்து மருமகள் ஒரு பிடி வெந்தயம் தூவுகிறார்.

எல்லாவற்றிலும் கொடியது, முளைத்ததா என்று பழைய ஸ்பூனால் கிளறிப் பார்ப்பது. செங்காந்தளின் முளை வெண்மையாக, விரல்நுனிப் பருமனில், வெள்ளரிப் பிஞ்சைப் போல ‘டக்’கென்று ஒடியும். கிழங்கின் அந்தக் கைக்கு இருந்த முளை அது ஒன்றுதான். அந்த ஆண்டுப் பூவும் அதோடு போனது. “இங்க பாரு, உயிரோடதான் இருந்திருக்கு” என்பதே அப்போது பெரும்பாலும் வழங்கும் தீர்ப்பு.

ஒப்பீட்டுக்குப் பூட்டிய வீடுகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. ஏப்ரலில் பேரனைப் பார்க்க நியூஜெர்சி போய் அக்டோபரில் திரும்புகிற தம்பதியரின் பால்கனிகள் அவை. அங்கே வெயில் கிழங்கை உறங்கவைத்தது. ஜூலை, ஆகஸ்டு மாலைகளின் இடிமழை எழுப்பியது. ரெயின் லில்லி கொத்துக்கொத்தாகப் பூத்தது. எதிர் வீட்டார் எடுத்து அனுப்பிய படத்தைப் பார்த்து, கிளம்புமுன் தாம் போட்ட உரம்தான் காரணம் என்று தம்பதியர் வாட்ஸப்பில் விளக்கம் அளித்தனர். தரவுகள் அதை ஆதரிக்கவில்லை.

7. முடிவும் பரிந்துரையும்

கருதுகோள் உறுதிப்படுகிறது. கிழங்கு வளர்ப்பில் பாதிக் காலம் வேலையே இல்லை. அந்தப் பாதிதான் கடினமான வேலை. சும்மா இருப்பது எளிதல்ல என்று சித்தர்களும் தாயுமானவரும் தொட்டி வைக்காமலே கண்டறிந்திருக்கிறார்கள்.

வீடெல்லாம் பூட்டிக்கொண்டு அமெரிக்கா போவது அனைவருக்கும் இயலாது என்பதால், ஒரே ஒரு பரிந்துரை. இலை உதிர்ந்ததும் தொட்டியை மழை படாத மூலைக்கு நகர்த்தி, மேலே ஓர் அட்டையைச் செருக வேண்டும்: “உள்ளே ஆள் இருக்கிறது. தண்ணீர் ஊற்றாதீர்கள், கிளறாதீர்கள், வெந்தயம் போடாதீர்கள்.” அட்டையை எழுதியவர் அதைத் தினமும் ஒருமுறை வாசிப்பது நல்லது.