முக்காட்டியல்: ஒரு கறுப்புத் துணி குறித்த ஆய்வு

பழைய பெரிய கேமராவைப் பற்றி எழுதப் புகுந்தவர்கள் லென்ஸில் தொடங்கி, மரச்சட்டத்தின் பளபளப்பைப் புகழ்ந்து, பித்தளைத் திருகுகளில் உருகி, துருத்தியில் முடித்துக்கொள்வது மரபு. மேலே கிடக்கும் கறுப்புத் துணிக்கு அரை வாக்கியம் கிடைத்தால் அதிகம். அந்த அநீதியைக் களைவதே இக்கட்டுரையின் நோக்கம். நம் கருதுகோள்: புகைப்படக் கலையின் மூலக்கருவி துணியே, கேமரா அதற்கு வாய்த்த துணைக்கருவி. ஆய்வின் எல்லை, தேய்த்த கண்ணாடி தொடங்கி எடுப்பவரின் பிடரி வரை, ஏறக்குறைய ஒரு முழம். அதற்கு அப்பால் உலகில் நடப்பவற்றைப் பிற துறையினர் பார்த்துக்கொள்வார்கள்.

முதலில் இலக்கணம். ஏறத்தாழ நான்கடிக்கு ஐந்தடி. உள்ளே கறுப்பு, வெளியே வெள்ளை. காற்றில் பறக்காதிருக்க ஓரத்தில் வைத்துத் தைத்த சிறு குண்டுகள். துணிவகையில் இரு கட்சி உண்டு. வெல்வெட்டே சிறந்தது என்பார் ஒரு சாரார். அவர்களுக்கு நல்ல இருட்டு வாய்க்கும், கூடவே பஞ்சும் தூசியும் வாய்க்கும். நெருக்கமாக நெய்த பருத்தி போதும் என்பார் மறுசாரார். வெளியே எதற்கு வெள்ளை என்றொரு கேள்வியும் உண்டு. சித்திரை மாதத்து உச்சிவேளையில் மதுரை மாசி வீதியில் இருபுறமும் கறுப்பான துணிக்குள் தலையைக் கொடுத்தவர் யாரும் அதை இரண்டாம் முறை கேட்பதில்லை.

அற்றேல், துணிதான் எதற்கு எனின், கூறுதும். இவ்வகைக் கேமராவில் கண் வைத்துப் பார்க்கத் துவாரம் கிடையாது. முன்னால் லென்ஸ், பின்னால் தேய்த்த கண்ணாடி, நடுவில் துருத்தி. நான்குக்கு ஐந்து அங்குலமோ எட்டுக்குப் பத்து அங்குலமோ ஆன அந்தக் கண்ணாடியில் காட்சி வந்து விழும். எட்டுக்குப் பத்து என்றால் சாதாரண 35 மி.மீ. ஃபிலிமின் ஒரு படத்தைப்போல் ஏறக்குறைய 60 மடங்கு பரப்பு. பரப்பு பெரிதானாலும் பிம்பம் மங்கல். பகல் வெளிச்சம் பட்டால் காணாமற்போகும். ஆகவே இருட்டு வேண்டும், அதை ஊர் ஊராகச் சுமக்கவும் வேண்டும். ஹம்பி விருபாட்சர் கோயிலில் ஒரு சிறு துவாரத்தின் வழியே ராஜகோபுரம் உள்ளறைச் சுவரில் தலைகீழாக விழுவதைச் சுற்றுலா போனவர்கள் பார்த்திருப்பார்கள். துணியின் வேலையை அங்கே கருங்கல் செய்கிறது. பலன் ஒன்றே. கருங்கல்லை மடித்துத் தோளில் போட்டுக்கொள்ள முடியாது, அவ்வளவுதான்.

துணிக்கு முன்னோர் கூடாரம். 1851-இல் ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறையில் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது காய்வதற்குள் படம் எடுத்து, உடனே கழுவியும் ஆகவேண்டும். எனவே எடுப்பவரின் முழு உடம்புக்கும் இருட்டு தேவைப்பட்டது. சாமுவேல் போர்ன் 1866-இல் இமயமலையில் 18,000 அடிக்கும் மேலான மணிரங் கணவாயில் படம் எடுத்தபோது, கூலியாட்களின் முதுகில் ஏறிப்போன சுமைகளில் இருட்டும் ஒன்று. பிறகு 1871-இல் ரிச்சர்ட் லீச் மேடக்ஸ் ஜெலட்டின் உலர்தகட்டுக்கு வழி சொன்னார். கழுவுவதை ஊர் திரும்பியபின் பார்த்துக்கொள்ளலாம் என்றானது. உடம்பளவு இருந்த இருட்டு தலையளவாகச் சுருங்கியதே 19-ஆம் நூற்றாண்டுப் புகைப்பட வரலாறு என்று சொன்னால் மிகையாகாது. மிகைதான், ஆனாலும் ஆய்வேட்டு மரபை மீற நமக்கு மனமில்லை.

தமிழகச் சான்றுக்கு லின்னேயஸ் டிரைப். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த இவர், 1858-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளைக் காகித நெகட்டிவ்களில் எடுத்து, 21 படங்களை ஒட்டி, 19 அடிக்கு மேல் நீண்ட ஒரே படமாக்கினார். அக்கல்வெட்டுகளில் ராஜராஜன் கொடுத்த பொன்னையும் விளக்கையும் ஆட்டையும் அறிஞர்கள் கணக்கெடுத்துவிட்டார்கள். ஒரு வெள்ளைக்காரத் தலை அந்தப் பிராகாரத்தில் குறைந்தது 21 முறை குனிந்து நிமிர்ந்திருக்க வேண்டும் என்ற கணக்கை எவரும் எடுத்ததாகத் தெரியவில்லை. இங்கே பதிவு செய்கிறோம்.

இனித் துணிக்குள் நிகழ்வன. நுழைந்தவுடன் ஒன்றும் தெரியாது; கண் இருட்டுக்குப் பழகவேண்டும். பழகியதும் உலகம் தலைகீழாகவும் இடவலம் மாறியும் தெரியும். கோபுரத்தின் கலசம் கீழே, வாசலில் பூ விற்பவர் மேலே. இந்த நிலையில்தான் பெரிய கேமராவின் உண்மையான வித்தை தொடங்குகிறது. சாதாரணக் கேமராவையோ கைப்பேசியையோ அண்ணாந்து பிடித்தால் கோபுரம் பின்னால் சாய்ந்து விழப்போவதுபோல் படத்தில் வரும். பெரிய கேமராவில் அண்ணாக்க வேண்டாம். பின்பலகையைச் செங்குத்தாக நிறுத்திவிட்டு, லென்ஸ் பொருத்திய முன்பலகையை மட்டும் மெல்ல மேலே ஏற்றினால், கோபுரம் கட்டியபடியே நேராக நிற்கும். துருத்தி வளைந்து கொடுப்பதால் இது சாத்தியம். ஏற்றம் கூடினால் மூலைகள் இருளும். அதைத் துணிக்குள் இருப்பவரே கண்டுபிடிப்பார். முன்பலகையைச் சற்றே சாய்த்தால் காலடிப் புல்லும் தொலைவு மலையும் ஒருசேரத் துலங்கும். இந்தச் சாய்வுக் கணக்குக்கு ஆஸ்திரியப் படை அதிகாரி தியோடோர் ஷைம்ஃப்ளுக்கின் பெயர். 1904-இல் காப்புரிமை பெற்றார், பலூனிலிருந்து எடுத்த படங்களை நேராக்குவதற்காக. தமக்கு முன்பே ஷூல் கார்பாந்தியே இதைக் கண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். ஆய்வாளர்களிடம் அரிதாகக் காணப்படும் பண்பு.

துருத்தி என்றதும் ஒரு கிளைச்செய்தி. 1940-களில் ஆலப்புழையில் கே. கருணாகரன் உருவாக்கிய வாகேஸ்வரி கேமரா இந்திய ஸ்டூடியோக்கள் பலவற்றில் நின்றது. அவர் குடும்பம் இசைக்கருவிகளைப் பழுதுபார்த்து வந்தது. ஆர்மோனியத்துக்குத் துருத்தி மடிக்கத் தெரிந்த கைக்குக் கேமராத் துருத்தி ஒரு பொருட்டா? அந்த ஆர்மோனியத்துக்கு உறை தைத்தவர் யார், அவரே கேமராவுக்கும் துணி தைத்தாரா என்ற கேள்வியோடு நகர்கிறோம்.

வெளியே நிற்பவர்களின் நோக்கில் துணி வேறு பொருள். சளி பிடித்தவர் நொச்சியிலைச் சட்டியின் மேல் போர்வையைப் போர்த்தி வேது பிடிப்பதற்கும் இதற்கும் தூரத்துப் பார்வையில் வேறுபாடு இல்லை. ஆனால் மூன்று கால் ஸ்டாண்டைக் கண்டதும் தெருவின் முடிவு வேறாகிவிடும். “என்ன சார், சர்வேயா?” என்பார் டீக்கடைக்காரர். “ரோட்டை அகலப்படுத்தப் போறாங்களா தம்பி? எங்க திண்ணை போயிருமா?” என்பார் எதிர்வீட்டுப் பாட்டி. படந்தான் எடுக்கிறோம் என்று துணிக்குள்ளிருந்து வரும் குரலை எவரும் நம்புவதில்லை. முகம் காட்டாமல் பேசுகிற அரசு ஊழியர் என்றே கொள்வர்.

இப்போது கட்டுரையின் மையத்துக்கு வருகிறோம். நம் தாத்தா பாட்டிமார் படங்களில் ஏன் விறைத்துக்கொண்டு நிற்கிறார்கள்? படம் விழ வெகுநேரம் ஆகும், அசையக்கூடாது, அதனால் விறைத்தார்கள் என்பது பூர்வபட்சம். இதை ஏற்பதற்கில்லை. என்னை? எனின், உலர்தகடு வந்தபின் நல்ல வெளிச்சத்தில் ஓரிரு விநாடியோ அதற்கும் குறைவோ போதும். 1950-களில் எடுத்த கல்யாணப் படங்களிலும் மாப்பிள்ளை விறைத்தே நிற்கிறார். ஆகவே காரணம் வேறு.

வேலையின் வரிசையைக் கவனிக்க. எடுப்பவர் துணிக்குள் நுழைந்து, லென்ஸை முழுதும் திறந்து ஃபோகஸ் செய்கிறார். பிறகு வெளியே வந்து லென்ஸை மூடி, கண்ணாடி இருந்த இடத்தில் ஃபிலிம் ஹோல்டரைச் செருகி, ஃபிலிமை மறைக்கும் டார்க் ஸ்லைடை உருவி, கேமராவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு படம் எடுக்கிறார். ஹோல்டர் உள்ளே போனபின் கண்ணாடியில் எதுவும் விழாது. பார்க்கும்போது எடுக்க முடியாது. எடுக்கும்போது பார்க்க முடியாது.

இதை நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் பக்கமிருந்து பார்க்கவேண்டும். எதிரே இருந்த மனிதரின் தலை திடீரென்று துணிக்குள் போய்விட்டது. தம்மைப் பார்ப்பார் யாருமில்லை என்று அவர் தளர்கிறார். பக்கத்தில் நிற்கும் மனைவியிடம் ஏதோ சொல்கிறார், அந்த அம்மாள் வாய்பொத்திச் சிரிக்கிறார். பிறகு தலை வெளியே வருகிறது. “ரெடி, அசையாதீங்க!” உடனே இருவரும் விறைக்கிறார்கள். ஃபிலிமில் விழுவது அந்த விறைப்பு. சிரிப்பு கண்ணாடியில் தலைகீழாக விழுந்து, ஒரே ஒரு புகைப்படக்காரரின் கண்ணுக்கு மட்டும் தெரிந்து, அதோடு போனது. ஒரு தலைமுறை சிரித்ததற்குச் சாட்சி சொல்லத் தக்கவர்கள் ஸ்டூடியோ முதலாளிகள் மட்டுமே. அவர்களும் தொழில் ரகசியம் காத்துவிட்டார்கள். இதுவே சித்தாந்தம்.

மறுப்போர் இங்கே கார்ல் ஷ்வார்ஸ்சைல்டைத் துணைக்கழைக்கக் கூடும். வியன்னாவில் நட்சத்திரங்களைப் படமெடுத்து ஆராய்ந்த அவர், ஒளி குறைந்து நேரம் நீளும்போது ஃபிலிம் கணக்குப்படி நடக்காது, சோர்ந்துவிடும் என்று காட்டினார். லைட் மீட்டர் 10 விநாடி என்றால் பல ஃபிலிம்களுக்கு இரு மடங்கோ அதற்கு மேலோ கொடுக்கவேண்டும். இருட்டான ஸ்டூடியோவில் விறைப்புக்கு இதுவே காரணமாகலாம் என்பது அவர்கள் வாதம். நாம் மறுக்கவில்லை. ஆனால் அதே ஷ்வார்ஸ்சைல்ட்தான் 1916-இல் வெளியான கணக்கால் கருந்துளைக்கும் எல்லை வகுத்தார்; உள்ளே போன ஒளி திரும்பாத இடம். அவ்வளவு பெரிய இருட்டையே அளந்தவர் நம் நாலடித் துணியை மட்டும் அளக்காமல் விட்டது, துறையின் இளமையையே காட்டுகிறது.

எஞ்சியது துவைத்தல். துவைக்கவே கூடாது, இருட்டு வெளுத்துவிடும் என்பாரும் உளர். தவறு. துணியின் பஞ்சு ஃபிலிம் மேல் உட்கார்ந்தால் அங்கே ஒளி படாது. நெகட்டிவில் அது தெளிந்த புள்ளியாகி, பிரிண்டில் கறுப்புப் புள்ளியாக வரும். முகத்தில் விழுந்தால் மச்சம். டச்சிங் செய்பவர் கவனிக்காமல் விட்டால் வருங்காலச் சந்ததியார் அதைக் குடும்ப அடையாளமென்று கொள்வர். ஆகவே அடிக்கடி துவைக்க. தனியாகத் துவைக்க. சாயம் சிறிது விடும். வெள்ளை வேட்டியில் ஏறிய கறையைக் கலைக்குச் செய்த தொண்டாக ஏற்கும் மனப்பக்குவம் வீட்டாரிடம் பெரும்பாலும் காணப்படுவதில்லை.