வார இறுதி நிபுணர்கள்

எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, முதுநிலை மூன்று, அதற்கு மேல் பெண்கள் புற்றுநோய் அறுவைக்கென்று எம்.சிஎச். மூன்று. இப்படிப் பதினொன்றரை ஆண்டைத் தொலைப்பவர்கள் பிழைக்கத் தெரியாதவர்கள். பிழைக்கத் தெரிந்தவர் சனிக்கிழமை காலை நட்சத்திர ஓட்டலில் நடக்கும் அறுவைப் பயிலரங்குக்குப் போவார். கையெழுத்துப் போட்டதும் தோள்பை, கழுத்தில் அட்டை. திரையில் யாரோ அறுப்பார். இவர் முந்திரி கொறிப்பார். ஞாயிறு மதியம் பிரியாணியும் சான்றிதழும். திங்கட்கிழமை பெயர்ப்பலகையில் ஒரு வரி கூடியிருக்கும்.

சட்டமும் தாராள மனசுடையது. 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி ஐந்தாண்டுக்கு 30 மணி நேரத் தொடர்கல்வி போதும் என்கிறது. நாற்காலியில் உட்கார்ந்த நேரம்தான் கணக்கு. கை எதைக் கற்றது என்பது அல்ல. டூவீலர் லைசென்சுக்குக்கூட எட்டு போட்டுக் காட்ட வேண்டியிருக்கிறது.

உதிரப்போக்கு என்று வரும் பெண்ணுக்கு பாப் ஸ்மியர்கூட எடுக்காமல், "கர்ப்பப்பையை எடுத்துடலாம்மா, தொல்லை விட்டுது" என்பார்கள் இந்த நிபுணர்கள். எடுத்த பிறகு பயாப்சி ரிப்போர்ட் வரும்: கர்ப்பப்பை வாய்ப் புற்று. சுற்றுத் திசுவையும் நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து எடுத்திருக்க வேண்டும். இனி அவள் பெரியாஸ்பத்திரி கதிர்வீச்சு வரிசையில் நிற்பாள். சூலகப் புற்றுக் கட்டியை வயிற்றுக்குள்ளேயே உடைத்துவிட்டாலோ, 1ஏ நிலை அந்த நொடியே 1சி ஆகும். பழி மட்டும் நோயின் மேல்.

2018-இல் 631 பெண்களிடம் நடந்த பன்னாட்டு ஆய்வு வெளியானது. கர்ப்பப்பை வாய்ப் புற்றின் தொடக்க நிலையில் வயிற்றைத் திறந்து அறுவை செய்துகொண்டவர்களில், நாலரை ஆண்டு நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 96.5 சதவீதம், துளை வழியாகவும் ரோபோ வழியாகவும் செய்துகொண்டவர்களில் 86. ரோபோவுக்குத் தவணை கட்டுகிறவர் மண்டையில் இந்தக் கணக்கு மட்டும் ஏறுவதில்லை.

முற்றிய சூலகப் புற்றுக்கு ஒரு மையம் ஆண்டுக்குக் குறைந்தது 20 அறுவையாவது செய்திருக்க வேண்டும், 100 செய்தால் நல்லது என்கிறது ஐரோப்பியப் பெண்கள் புற்றுநோயியல் சங்கம். இங்கே எண்ணிக்கை கேட்டால் டாக்டரை அவமதித்ததாகிவிடுமாம். அவமதித்துவிட்டுப் போங்கள்! சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: இதே ஆபரேஷனைப் போன வருஷம் எத்தனை செய்தீர்கள், எத்தனை பேர் வேறிடத்தில் மறுபடி படுக்க நேர்ந்தது? பதிலுக்குக் கோபம் வந்தால், ஃபைலைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.