எங்கள் கல்யாணத்துக்கு ஒரு வில்லங்கம் போட்டுத் தாருங்கள்

மாட்சிமை பொருந்திய சார்பதிவாளர் அலுவலகத்தின் திவ்ய சமூகத்துக்கு, காமயகவுண்டன்பட்டி திராட்சை விவசாயி ஒருவன் தெண்டனிட்டு எழுதிக்கொள்வது. இங்கு நானும், என் மனைவி என்று இதுநாள்வரை நான் நம்பிவந்த பெண்மணியும் நலம். தங்கள் சர்வரின் நலமறிய ஆவல்.

போன செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்குத் தங்கள் சன்னிதியில் எங்களுக்குத் தரிசனம் கிடைத்தது. கம்பிக்குப் பின்னால் இருந்த தம்பி, என் பக்கத்தில் மஞ்சள் பையோடு நின்றவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவங்க யாருங்கய்யா?"

"வீட்டுக்காரி, தம்பி."

"அதுக்கு ஆதாரம் இருக்கா?"

"அதைத் தேடித்தானப்பா வந்திருக்கேன்."

பின்னால் நின்ற கிரயப் பத்திரக்காரர் சிரித்தார். என் வீட்டுக்காரி சிரிக்கவில்லை. முப்பத்தேழு வருஷத்தில் அவளை யாரும் கேட்காத கேள்வி அது. பையிலிருந்த பாட்டிலை எடுத்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். பிறகு வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள்.

எந்த ஊர் அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. படிக்கிறவர்கள் அவரவர் ஊர்ப் பெயரைப் போட்டு நிரப்பிக்கொள்ளட்டும்.

தம்பி மேல் குற்றமில்லை. பதிவு எண்ணும் வருஷமும் சொன்னால் நகல் தருவேன் என்கிறார். வருஷம் 1988. எண், அசல் சான்றிதழில் இருந்தது. அசல், தகரப் பெட்டியில் இருந்தது. பெட்டிக்குள் கரையான் இருந்தது. எண் தெரியாதவர்கள் தேடல் மனு போடலாம் என்று தம்பி ஒரு தாளை நீட்டினார். அதில் முதல் கட்டம்: பதிவு எண்.

இத்தனைக்கும் தங்கள் தேடும் திறமையில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. அதே ஜன்னலில்தானே என் தோட்டத்துக்கு வில்லங்கச் சான்று வாங்கினேன்? 1979-இல் அப்பா எழுதிய கிரயம், கிணற்றில் மூன்றில் ஒரு பங்கு பாத்தியம், சித்தப்பா அடகு வைத்து மீட்டது, எல்லாம் வரிசையாக வந்து விழுந்தன. மண்ணுக்கு வில்லங்கம் பார்த்துச் சொல்கிற கை மனுசனுக்குப் பார்த்துச் சொல்லாதா? அதனால் என் வேண்டுகோள் சிறியது. கல்யாணச் சான்று தர முடியாவிட்டால் போகட்டும், எங்கள் கல்யாணத்துக்கு ஒரு வில்லங்கம் போட்டுத் தாருங்கள். 1988 முதல் இன்றுவரை. நான்கு மால் வேண்டுமா, சொல்கிறேன்: வடக்கே என் அக்கா, தெற்கே வீட்டுக்காரியின் தம்பி, கிழக்கே கூட்டுறவு சங்கக் கடன், மேற்கே இரண்டு பிள்ளைகள். இதற்குள்பட்டது ஒரு கல்யாணம். மாமூல் வழிநடைப் பாதை பாத்தியம் உண்டு.

இதை வீட்டில் படித்துக் காட்டினேன். "அக்காவை வடக்கேன்னு போட்டீங்களே, அந்தம்மா நாலு பக்கமும்ல இருந்தாங்க" என்றாள்.

பதிவு செய்ததற்குக் காரணம் என் அப்பா. பெரியார் கட்சிக்காரர். எங்களுக்கு ஐயர் இல்லை, அக்கினி இல்லை, மாலை மாற்றிச் சுயமரியாதைக் கல்யாணம். 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் இப்படியொரு கல்யாணத்தைச் செல்லாது என்று சொன்ன கதை அவருக்கு மனப்பாடம். 1967-இல் அண்ணா ஆட்சி, இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, நடந்தது நடக்கப்போவது எல்லாம் செல்லும் என்று ஆக்கிய கதையும் மனப்பாடம். ஆனாலும் நம்பிக்கை போதவில்லை. "சட்டம் செல்லும்டா, எழுத்துல இருந்தா இன்னும் நல்லாச் செல்லும்" என்று சொல்லி, கல்யாணம் முடிந்த இரண்டாம் வாரம் எங்களையும் சாட்சிகளையும் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனார். ஊரில் அந்த வருஷம் கல்யாணத்தைப் பதிந்த ஆட்கள் நாங்கள்தான் என்று பல காலம் பீற்றிக்கொண்டிருந்தார்.

அந்த மனுஷனின் மகனிடம்தான் போன செவ்வாய்க்கிழமை, "கோயில் ரசீது இருந்தாக் குடுங்கய்யா, அதை வச்சு ஏதாச்சும் பார்ப்போம்" என்று கேட்டீர்கள். நல்லவேளை, அவர் இல்லை.

கோயில் என்றதும் நினைவு வருகிறது. ராயப்பன்பட்டி நண்பர் ஒருவர் தம் பெற்றோர் கல்யாணச் சான்றைப் போன வருஷம் வாங்கினார். சர்ச்சில் சாமியார் அலமாரியைத் திறந்தார், பேரேட்டைப் புரட்டினார். மூன்று ஞாயிறு ஓலை வாசித்தது முதல் சாட்சிகளின் பெயர்வரை அப்படியே இருந்ததாம். கம்பத்தில் ராவுத்தர் ஒருவர் ஜமாஅத்தில் போய் நிக்காஹ் தப்தரில் தாத்தா பெயரையே பார்த்துவிட்டு வந்தார். இரண்டு இடத்திலும் யாரும் எண் கேட்கவில்லை. பேர் கேட்டார்கள். கடவுளை நம்பியவன் அலமாரியில் பத்திரமாக இருக்கிறான். அரசாங்கத்தை நம்பிய என் அப்பா கரையானுக்குப் போனார்.

ஏன், எங்கள் பன்னீர் திராட்சையையே எடுத்துக்கொள்ளுங்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சென்னையில் பதிவேடு, அதில் பெயர், சான்றிதழ். பந்தலில் தொங்குகிற கொத்துக்கு எழுத்து இருக்கிறது. பந்தலுக்குக் கீழே முப்பத்தேழு வருஷமாகச் சேர்ந்து கவாத்து பண்ணுகிற இரண்டு பேருக்கு இல்லை.

சான்று கேட்டவள் எங்கள் மகள். அமெரிக்காவில் இருக்கிறாள். ஏதோ விசா விவகாரம். அங்கே கல்யாணத்துக்கு லைசென்ஸ் கொடுப்பதும் பதிவை வைத்திருப்பதும் பெரும்பாலும் கவுண்டி என்ற அமைப்பாம். அவள் இருக்கிற டெக்சாஸில் பல கவுண்டிகளில் மாப்பிள்ளை பேரையோ பொண்ணு பேரையோ தட்டினால் போதும், பழைய பதிவு வந்து நிற்குமாம். "நம்மூர்ல கவுண்டி இல்லையாப்பா?" என்று கேட்டாள். ஊர்ப் பெயரிலேயே கவுண்டன் இருக்கிறார் தாயே, கவுண்டிதான் இல்லை என்றேன். அவ்வளவு தூரம் எதற்கு? எங்கள் ஊரிலிருந்து விடிகாலை ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்கு ஏறுகிறவர்கள் குமுளி தொட்டதும் கேரளம். அங்கே 2024 முதல் கே-ஸ்மார்ட் என்று ஒன்று வந்து, வீடியோவில் முகம் காட்டியே கல்யாணத்தைப் பதிய வழி செய்திருக்கிறார்கள். மலை ஏறினால் வீடியோ, இறங்கினால் கரையான்.

புதுக் கல்யாணங்களுக்கு இங்கும் குறையில்லை. 2006 பிப்ரவரி 14-ஆம் தேதி, நாள் பார்த்தாற்போல், உச்ச நீதிமன்றம் எல்லாக் கல்யாணத்தையும் கட்டாயம் பதியச் சொன்னது. தமிழ்நாடு 2009-இல் சட்டம் போட்டது. 90 நாளுக்குள் பதிய வேண்டும், விட்டால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். எங்களுக்குச் சுமார் 13,500 நாள் ஆகிவிட்டது.

வாசலில் இருந்த ஒருவர் இதற்கும் வழி வைத்திருந்தார். பத்திரம் எழுதுகிற இடத்தில் உட்கார்ந்திருப்பார், ஆனால் பத்திரம் எழுத மாட்டார். நீங்களும் பார்த்திருப்பீர்கள். "எதுக்குண்ணே பழசைத் தோண்டுறீங்க? புதுசா ஒரு பத்திரிக்கை அடிச்சு, வர்ற வெள்ளிக்கிழமை கோயில்ல ஒரு மாலையை மாத்திருவோம். ரசீது நான் வாங்கிருவேன். செலவைப் பின்னால பேசிக்கிருவோம்." மகளுக்கு முப்பத்தைந்து வயது. எங்கள் கல்யாணத்துக்கு அவளே மணப்பெண் தோழி. இதல்லவா அசல் வில்லங்கம்!

வேப்பமரத்தடிக்கு வருகிறேன். என் மனைவிக்குப் பக்கத்தில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். புருஷன் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தவர். போன மாசம் இறந்துபோனார். பி.எஃப். பணத்துக்குக் கல்யாணச் சான்று கேட்கிறார்களாம். ஒருகாலத்திலும் பதியாத கல்யாணம். அந்த அம்மா ஜன்னலில் கேட்டதற்கு வந்த பதில்: "ரெண்டு பேரும் நேர்ல வந்தாத்தான் பதிய முடியும்."

செத்தவரைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னீர்கள். வேண்டுமென்று சொல்லவில்லை, வாய் அப்படிப் பழகிவிட்டது. பதிவு இல்லை என்பதற்காக ஒரு கல்யாணம் செல்லாமல் போகாது என்று இந்துத் திருமணச் சட்டத்தின் 8-ஆம் பிரிவே சொல்கிறது. தாலுகா ஆபீசில் தாசில்தாரிடம் வாரிசுச் சான்று கேட்டுப் பாரம்மா என்று ஒரு வார்த்தை சொல்ல எத்தனை நொடி ஆகும்? அந்த அம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து, என் மனைவியிடம் அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு போனார். உங்கள் சம்பளத்தில் அந்த வார்த்தையும் அடக்கம்.

மன்னிக்கவும். சன்னிதானத்தில் குரல் உயர்ந்துவிட்டது. திராட்சைக்கு மருந்தடித்த கை, கொஞ்சம் நெடி இருக்கும்.

அதே 8-ஆம் பிரிவில் இன்னொரு உட்பிரிவும் உண்டு. இந்துத் திருமணப் பதிவேடு எல்லா நியாயமான நேரங்களிலும் பார்வைக்குத் திறந்திருக்க வேண்டும், கேட்டவருக்கு உரிய கட்டணத்தில் சான்றிட்ட நகல் தர வேண்டும். நியாயமான நேரம் எது என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். பத்தேகாலுக்கு சர்வர் வரவில்லை, பதினொன்றுக்கு டீ வந்தது, பன்னிரண்டுக்கு மின்சாரம் போனது, இரண்டுக்குத் தம்பி சாப்பிடப் போனார். இடையில் எங்கேயோ அந்த நேரம் வந்துபோயிருக்கிறது, நான் கவனிக்கவில்லை.

ஆனால் வேறொன்றைக் கவனித்தேன். தம்பி இருக்கைக்குப் பின்னால் இரும்பு அலமாரி. அதன் தலைமேல் சிவப்பு நாடா கட்டிய பேரேடுகள் ஏழு. இடமிருந்து மூன்றாவதின் முதுகில், மை மங்கினாலும் படிக்கிற மாதிரி, 1988 என்று எழுதியிருந்தது. ஆவணி மாசக் கல்யாணம். செப்டம்பர் பக்கங்களைப் புரட்டினால் என் கையெழுத்தும், பக்கத்தில் அவள் முதன்முதலாக என் இனிஷியல் போட்டு எழுதிய கையெழுத்தும் இருக்கும். சாட்சிகளில் என் அப்பாவும் ஒருவர்.

வருகிற திங்கட்கிழமை பத்து மணிக்கு நாங்கள் இருவரும் வருகிறோம். கட்டணத்தைச் சில்லறையாகவே கொண்டுவருகிறேன். கை எட்டாது என்றால், தோட்டத்தில் காய் பறிக்கிற ஸ்டூலும் வண்டியில் வரும்.