எண்பதில் இலை மடித்தல்: மின்னேற்றுப் பந்தி குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

நெடுஞ்சாலைச் சார்ஜிங் நிலையத்தில் இரண்டு கார்கள் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது மூன்றாவது கார் வந்து நின்றால், முதல் இரண்டு பேரும் முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே இவ்வாய்வின் பொருள். பொறியாளர்கள் பேட்டரியை ஆராய்ந்தார்கள். பொருளியலார் விலையை ஆராய்ந்தார்கள். ஏழு சதவீதத்தோடு, ஏசியை அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கிக் கொசுக்கடியில் காத்திருப்பவனை இதுகாறும் எவரும் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை.

யாம் முன்வைக்கும் கருதுகோள் இது: இதற்கென்று புது நாகரிகம் வேண்டியதில்லை. கல்யாணப் பந்திக்கு நம்மவர் வைத்திருக்கும் எழுதாத இலக்கணமே போதும்.

2. ஆய்வுக் களம்

சென்னை-திருச்சி நெடுஞ்சாலையில், உளுந்தூர்பேட்டையை நெருங்கும் இடத்தில் ஓர் உணவக வாசல். பொங்கலுக்கு இரண்டு நாள் முந்தைய இரவு.

இடத்தைச் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. சென்னையிலிருந்து உளுந்தூர்பேட்டை ஏறக்குறைய 200 கிலோமீட்டர். 2020-ல் 30.2 யூனிட் பேட்டரியோடு வந்த முதல் மின்சார நெக்ஸான் போன்ற கார்கள், ஏசி போட்டு விரட்டினால், இந்த வட்டாரத்துக்கு வரும்போதே களைத்துவிடும். ஓட்டுபவருக்கும் இங்கேதான் பசிக்கும். மாலை ஆபீஸ் விட்டதும் நூறு சதவீதத்தோடு கிளம்பியவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில், ஒரே வாசலில், ஒரே இரண்டு சார்ஜிங் கன்னுக்குக் கை நீட்டுகிறார்கள். நெரிசலை விளக்க இதற்கு மேல் கோட்பாடு தேவையில்லை.

3. முன்னோர் கண்டவை

கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய எர்லாங், வரிசைக் கணிதத்துக்கு 1909-ல் வித்திட்டார். ஆனால் அவர் எண்ணிய அழைப்புகள் பேச்சு முடிந்ததும் இணைப்பை விட்டுவிட்டன. பேசி முடித்த பிறகும் ரிசீவரைக் கீழே வைக்காமல் மசால் தோசை சாப்பிடப் போனவரை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

அந்தக் குறையை டெஸ்லா நிறுவனம் உணர்ந்தது. சார்ஜ் முடிந்தும் இடத்தை விடாதவர்களுக்கு 2016 டிசம்பரில் நிமிடக் கணக்கில் கட்டணம் விதித்தது. நம் பந்தியில் அந்த வேலையை நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்கும் ஆள் பன்னெடுங்காலமாகச் செய்துவருகிறார். அவர் ஒன்றும் பேசுவதில்லை. உண்பவர் முதுகில் அவர் பார்வை பட்டாலே பாயசம் தொண்டையில் நிற்கும். மின்னேற்றக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. அந்தப் பார்வைக்குக் கிடையாது.

4. மோர்க் கோட்பாடு

லித்தியம் பேட்டரி முதலில் மின்சாரத்தைச் சாம்பார் சாதம்போல் அள்ளி அள்ளி உண்ணும். எண்பது சதவீதத்தை நெருங்கியதும் அதன் நடை மாறும். செல்லின் மின்னழுத்தம் வரம்பைத் தொட்டபின் மேலும் திணித்தால், லித்தியம் கிராஃபைட்டுக்குள் நுழையாமல் அதன் மேலேயே படிந்து பேட்டரியைக் கெடுக்கும். ஆகவே கார் தானே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்கிறது. இது மோர் சாதக் கட்டம். இலையில் ஓடும் மோருக்கு விரலால் அணை கட்டுகிறோம். நேரம் போகிறது, வயிற்றில் சேர்வது கொஞ்சம்.

கணக்காகவே காண்க. 40 யூனிட் பேட்டரி பத்திலிருந்து எண்பதுக்கு ஏற 28 யூனிட் வேண்டும். 60 கிலோவாட் சார்ஜரில் இரண்டு கன்னையும் மாட்டினால் பல இடங்களில் ஆளுக்கு முப்பதாகப் பிரிந்துவிடும். ஆக ஒரு மணி நேரம். மிச்சமுள்ள 8 யூனிட்டுக்கு அரை மணி என்று தாராளமாகவே வைப்போம். ஒரே நேரத்தில் ஆறு கார்கள் வந்தால், எல்லாரும் எண்பதில் எழும் ஊரில் ஆறாமவர் இரண்டு மணி நேரம் காத்திருப்பார். நூறு வரை உட்காரும் ஊரில் மூன்று மணி நேரம். கூடுதலான அந்த ஒரு மணி முழுவதும் பிறர் குடித்த மோர்.

5. வகைப்பாடு

களத்தில் கண்டோர் நால்வகையினர்.

துண்டர்: பஸ் ஜன்னல் வழியே துண்டு போட்ட பரம்பரை. கார் இன்னும் சுங்கச்சாவடியில் இருக்க, மச்சானை முன்னே அனுப்பிக் காலி இடத்தில் நிற்க வைப்பவர்.

நிழலர்: பச்சை நம்பர் பலகை இல்லாதவர். சார்ஜருக்கு மேலே கூரை இருப்பதால் பெட்ரோல் காரை அங்கே விட்டுச் செல்பவர். இலையில் கைப்பையை வைத்துவிட்டு மாப்பிள்ளையைப் பார்க்கப் போன அத்தைக்கு நிகர்.

பொத்தானர்: பிறர் சார்ஜ் ஏறுவதைப் பொறுக்காமல், ஆபத்துக்கென்று வைத்த சிவப்புப் பொத்தானை அமுக்குபவர். பந்தி நடுவே மெயினை அணைத்தவருக்கு என்ன மரியாதையோ அதுவே இவருக்கும்.

நூறர்: இவரிடம் மட்டும் நேர்காணல் நிகழ்ந்தது.

"எவ்வளவு ஏறியிருக்கு சார்?"

"எண்பத்தாறு."

"எதுவரைக்கும் போறீங்க?"

"பெரம்பலூர்."

பெரம்பலூருக்கு எழுபது கிலோமீட்டர் சொச்சம். ஐம்பது சதவீதமே தாராளம். பேராசை என்று எழுதிக் கட்டுரையை முடிக்க இருந்தோம். அவரே தொடர்ந்தார்.

"போன தீபாவளிக்கு ஆப்ல ரெண்டு இடம் பச்சையா காட்டுச்சு சார். ஒண்ணுல கரண்ட் இல்ல. இன்னொண்ணுல கன்னை மாட்டினா எரர். வண்டியைத் தூக்கிட்டுத்தான் போனாங்க. அதுலேர்ந்து நூறைப் பாக்காம எடுக்கறதில்ல."

6. கருதுகோளில் திருத்தம்

பந்தியில் நாம் நேரத்தோடு எழுவது நாகரிகத்தால் மட்டுமன்று. ராத்திரியும் டிபன் உண்டு என்ற நம்பிக்கை இருப்பதால் எழுகிறோம். அடுத்த வேளை நிச்சயமில்லாதவன் மோரை வழித்துத்தான் குடிப்பான். நெடுஞ்சாலையின் இரு பக்கமும் 25 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் வேண்டும் என்று மத்திய மின்துறை 2018-லேயே வழிகாட்டுதல் தந்தது. இலை போடுவது வேறு. இலையில் சோறு விழுவது வேறு. நூறரைத் திருத்த உபதேசம் உதவாது. அடுத்த சார்ஜர் வேலை செய்தால் போதும்.

7. முடிவுகள்

வரிசை இருந்தால் எண்பதில் இலையை மடிக்கவும். சாப்பிடப் போகிறவர் கண்ணாடியில் போன் நம்பர் எழுதி வைக்கவும். பிறர் இலையை மடிக்கவோ, பிறர் கன்னைப் பிடுங்கவோ கூடாது. ஒற்றை இலக்கச் சதவீதத்தோடு வருபவரைப் பச்சைக் குழந்தைக்காரராகக் கருதி முன்னே விடவும். கெட்டுப்போன சார்ஜரைக் கண்டால் திட்டுவதோடு நில்லாமல் ஆப்பிலும் பதியவும். பின்னால் வருபவர் எண்பதில் எழ அது துணை செய்யும்.

ஏழு சதவீதத்தோடு காத்திருந்த மூன்றாவது காரில் இருந்தது ஆய்வாளரே. தம் முறை வந்தபோது அவர் எண்பத்து மூன்றில்தான் எழுந்தார் என்பதை நேர்மை கருதிப் பதிவு செய்கிறோம். மோர் நன்றாக இருந்தது.